அத்தியாயம் 6: எரிபொருள் கோளாறா? டேங்கிலிருந்து தொடங்குங்கள்

கரையில் இரண்டு இழுப்பில் பிடித்த மோட்டார், கடலுக்குள் கொஞ்ச தூரம் போனதும் இழுவை குறைந்து, இருமி, நின்றுவிடுகிறது. ரப்பர் பல்பை நாலு முறை அமுக்கினால் ஓடுகிறது. சற்று நேரத்தில் மறுபடி நிற்கிறது. குமரி, தூத்துக்குடிக் கரைகளிலும் மன்னார், யாழ்ப்பாணக் கரைகளிலும் ஃபைபர் படகுகளில் ஓடும் பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார்களில் இது அடிக்கடி வரும் புகார்.

இந்தப் புகார் வந்தவுடன் பலரும் ஸ்பேனரை எடுத்து கார்புரேட்டரைக் கழற்றத் தொடங்குகிறார்கள். கார்புரேட்டர்தான் கடைசியாகத் தொட வேண்டிய இடம். காற்றுத் திருகை மறந்தது, வெடித்த ஹோஸ், தண்ணீர் கலந்த பெட்ரோல் என்று பாதிக் கோளாறுகள் மோட்டாருக்கு வெளியிலேயே இருக்கும். டேங்கில் தொடங்கி ஒவ்வொரு இடமாகச் சோதித்துக்கொண்டு மோட்டாரை நோக்கி வாருங்கள். எந்த இடத்தில் எரிபொருள் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த வரிசையில்தான் போகிறது.

முதலில் பாதுகாப்பு

1. வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் படகின் அடித்தளத்தில் தேங்கி நிற்கும். பீடி, சிகரெட், அடுப்பு, லாந்தர் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.
2. கையில் தூக்கும் டேங்காக இருந்தால் அதைப் படகிலிருந்து இறக்கி, தரையில் வைத்து நிரப்புங்கள். கழுத்து வரை நிரப்பாதீர்கள். வெயிலில் எரிபொருள் விரியும்.
3. ட்யூப் போட்டு வாயால் உறிஞ்சி எரிபொருள் மாற்றும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ சிறிதளவு நுரையீரலுக்குள் இறங்கினாலே உயிருக்கு ஆபத்து. யாராவது தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கையால் அமுக்கும் சைஃபன் பம்ப் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது.
4. பிளக்கைக் கழற்றிவிட்டு கயிற்றை இழுக்கும்போது, பிளக் ஓட்டை வழியே எரிபொருள் பீய்ச்சி அடிக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு தீப்பொறி போதும். கில் சுவிட்ச் கிளிப்பை எடுத்துவிட்டு, பிளக் வயரை ஓட்டையிலிருந்து தள்ளி வைத்து, அதன் முனையை மோட்டார் உடம்போடு எர்த் செய்த பிறகே இழுங்கள்.
5. தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட்டாதீர்கள். கீழே உள்ள ரப்பர் இம்பெல்லர் சிறிது நேரத்திலேயே கருகிவிடும்.
6. ஒரு வாளி உலர்ந்த மணலோ, உலர் பொடித் தீயணைப்பானோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீரை ஊற்றினால் தீ பரவும்.

தேவையானவை

- பிளக் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர்கள், 8, 10 எண் ஸ்பேனர்கள்
- வெள்ளைக் கண்ணாடி பாட்டில் ஒன்று
- ஒரு சாண் நீளத் தெளிவான பிளாஸ்டிக் ட்யூப், இரண்டு கிளிப்புகள்
- கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே, கண் பாதுகாப்புக் கண்ணாடி
- உதிரி பாகங்களை வரிசையாக வைக்க ஒரு வெள்ளைத் தட்டு
- கார்புரேட்டர் கேஸ்கெட், பம்ப் டயாபிரம் (உங்கள் மோட்டாரின் மாடல் எண்ணைச் சொல்லி வாங்கியவை)

எரிபொருள் போகும் வழி

இந்த வரிசையை மனதில் வையுங்கள்: டேங்க், காற்றுத் திருகு, டேங்குக்குள் உறிஞ்சும் குழாய், ஹோஸ், ரப்பர் பல்பு, கனெக்டர், ஃபில்டர், ஃப்யூயல் பம்ப், கார்புரேட்டர், சிலிண்டர். மோட்டார் ஓடும்போது கிராங்க் கேசுக்குள் ஏறி இறங்கும் அழுத்தம் பம்பின் டயாபிரத்தை அசைக்கிறது. அந்த அசைவுதான் டேங்கிலிருந்து எரிபொருளை இழுக்கிறது. தெரிந்துகொள்ள வேண்டிய தியரி இவ்வளவுதான்.

எரிபொருளா, தீப்பொறியா?

1. கில் சுவிட்சின் கிளிப் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.
2. பல்பை அமுக்கிக் கெட்டியாக்குங்கள். சோக்கை இழுத்துவிட்டு ஏழெட்டு முறை கயிற்றை இழுங்கள்.
3. பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள்.
   - முனை உலர்ந்திருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை. படி 1-க்குப் போங்கள்.
   - முனை நனைந்து, பெட்ரோல் வாசம் அடித்தால் எரிபொருள் வருகிறது. அப்போது தீப்பொறி இல்லாமல் இருக்கலாம், அல்லது எரிபொருள் அளவுக்கு மீறி வருகிறது.
   - நனைந்த முனையில் முத்து முத்தாகத் துளிகள் நின்றால் அது தண்ணீர். நேரே படி 2-க்குப் போங்கள்.

குறிப்பு: பக்கத்துப் படகில் அதே கம்பெனி மோட்டார் இருந்தால், நன்றாக ஓடும் அவர்களுடைய டேங்கையும் ஹோஸையும் பத்து நிமிடம் இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். மோட்டார் சீராக ஓடினால் கோளாறு உங்கள் டேங்கிலோ ஹோஸிலோதான். மோட்டாரைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை.

படி 1: டேங்க்

1. மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறங்கள். இது மூடியிருந்தால் எரிபொருள் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, மோட்டார் பத்து, பதினைந்து நிமிடத்தில் நிற்கும். மூடியைக் கழற்றும்போது “உஸ்” என்று காற்று உள்ளே போனால் இதுதான் காரணம்.
2. திருகின் ஓட்டையில் உப்பும் அழுக்கும் அடைத்திருக்கலாம். கழற்றிக் கழுவுங்கள்.
3. உறிஞ்சும் குழாயை வெளியே எடுத்து, அதன் அடியில் உள்ள வலையைப் பாருங்கள். துருவும் பிசினும் ஒட்டியிருந்தால் பிரஷால் சுத்தம் செய்யுங்கள். குழாயில் விரிசல் இருந்தால் டேங்கில் பாதி எரிபொருள் இருக்கும்போதே காற்று வாங்கும்.

படி 2: எரிபொருள்

1. டேங்கை அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். சைஃபன் பம்பின் குழாயை டேங்கின் அடிவரை விட்டு, கண்ணாடி பாட்டிலில் பாதி எடுங்கள்.
2. பாட்டிலைக் கால் மணி நேரம் வைத்துவிட்டு வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். நல்ல கலவை மேலிருந்து கீழ்வரை ஒரே நிறமாக இருக்கும். தண்ணீர் இருந்தால் அடியில் தனி அடுக்காக நிற்கும். பாட்டிலைச் சாய்த்தால் அந்தக் கோடும் சேர்ந்து சாயும்.
3. வார்னிஷ் போன்ற புளித்த வாசம் வந்தாலோ, நிறம் கறுத்திருந்தாலோ அது பழைய பெட்ரோல். புதிதைக் கலந்து சரிக்கட்டப் பார்க்காமல் முழுவதையும் மாற்றுங்கள்.

இந்தியாவில் பெட்ரோலில் கலக்கும் எத்தனாலின் அளவு 2025-ல் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து டேங்கின் அடியில் இறங்கிவிடும். உறிஞ்சும் குழாய் முதலில் இழுப்பது அந்த அடுக்கைத்தான். எத்தனாலைத் தாங்காத பழைய ரப்பர் ஹோஸ் ஊறி, உள்பக்கம் உரிந்து, அந்தத் துகள்கள் ஃபில்டரை அடைக்கும். கடற்காற்றில் மாதக்கணக்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள். தேவைக்கு மட்டும் வாங்குங்கள்.

ஆயில் கலவை: உங்கள் மோட்டாரின் புத்தகத்தில் சொன்ன விகிதம்தான் சட்டம். 50-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில், 10 லிட்டருக்கு 200 மில்லி. 25-க்கு 1 என்றால் 10 லிட்டருக்கு 400 மில்லி. அளவுக் குப்பியில் அளந்து ஊற்றுங்கள். முதலில் பாதிப் பெட்ரோல், பிறகு முழு ஆயில், மூடிக் குலுக்கல், கடைசியில் மீதிப் பெட்ரோல் என்ற வரிசையில் கலந்தால் ஆயில் அடியில் தங்காது. பைக் ஆயில் வேண்டாம். டி.சி.-டபிள்யூ 3 என்று அச்சிட்ட அவுட்போர்டு ஆயிலையே வாங்குங்கள்.

படி 3: ஹோஸும் ரப்பர் பல்பும்

பல்பின் மேல் உள்ள அம்புக்குறி மோட்டாரைப் பார்த்து இருக்க வேண்டும். பல்பை அம்பு மேல்நோக்கி இருக்கும்படி செங்குத்தாகப் பிடித்து அமுக்குங்கள். படுக்க வைத்து அமுக்கினால் சில நேரம் உள்ளே உள்ள வால்வு சரியாக மூடாது. பிறகு பல்பு காட்டுவதைக் கவனியுங்கள்:

- எவ்வளவு அமுக்கியும் கெட்டியாகவில்லை: டேங்க் பக்கம் காற்று வாங்குகிறது, அல்லது பல்பின் வால்வு போய்விட்டது. மோட்டார் கவரைத் திறந்து பாருங்கள். கார்புரேட்டரிலிருந்து எரிபொருள் வழிந்தால் படி 6.
- ஓடும்போது பல்பு சப்பிப்போகிறது: பல்புக்கும் டேங்குக்கும் இடையில் அடைப்பு, அல்லது காற்றுத் திருகு மூடியிருக்கிறது.
- பல்பு கெட்டியாக நிற்கிறது, பிளக் மட்டும் உலர்ந்திருக்கிறது: மோட்டார் பக்கம் அடைப்பு. படி 4-க்குப் போங்கள்.
- அமுக்கிக்கொண்டே இருந்தால்தான் ஓடுகிறது: பம்ப் வலுவிழந்திருக்கிறது, அல்லது எங்கோ சிறிய காற்றுக் கசிவு.

காற்றுக் கசிவைக் கண்ணால் பார்ப்பது கடினம். மோட்டார் ஓடும்போது டேங்குக்கும் பம்புக்கும் இடையில் உள்ள ஹோஸ் உள்நோக்கி இழுக்கிறது. ஆகவே விரிசல் வழியே எரிபொருள் வெளியே சொட்டாமல், காற்றுதான் உள்ளே போகும். இதைப் பிடிக்க:

1. பம்புக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, நடுவில் தெளிவான பிளாஸ்டிக் ட்யூபைச் செருகி, இரண்டு பக்கமும் கிளிப் போடுங்கள்.
2. மோட்டாரைத் தண்ணீரில் வைத்து ஓட்டி, ட்யூபைப் பாருங்கள். தொடக்கத்தில் ஒன்றிரண்டு குமிழி வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை. விடாமல் குமிழி ஓடினால் காற்று வாங்குகிறது.
3. கனெக்டரின் ஓ-ரிங், ஹோஸ் நுனி, பல்பின் இரு முனை, டேங்க் முனை என்று ஒவ்வொன்றாக விரலால் இறுக்கிப் பிடியுங்கள். எங்கே பிடித்ததும் குமிழி நிற்கிறதோ அங்கேதான் கசிவு.
4. வேலை முடிந்ததும் அந்த ட்யூபை எடுத்துவிடுங்கள். அது சோதனைக்கு மட்டும்தான், எரிபொருளைத் தாங்காது.

ஹோஸை மடக்கிப் பாருங்கள். மடிப்பில் வெடிப்பு தெரிந்தால் ஒட்டுப் போடாமல் பல்போடு சேர்த்துப் புதிது மாற்றுங்கள். கம்பி சுற்றிக் கட்டாமல் துருப்பிடிக்காத கிளிப் போடுங்கள்.

படி 4: ஃபில்டர்

மோட்டார் கவருக்குள் சிறிய தெளிவான கப்பாக இருக்கும். கழற்றி, உள்ளே இருப்பதை வெள்ளைத் தட்டில் ஊற்றுங்கள். கறுப்புத் துகள் என்றால் ஹோஸ் உரிகிறது. சிவப்புத் துகள் என்றால் டேங்க் துருப்பிடிக்கிறது. உருண்டு ஓடும் துளி தண்ணீர். வலையைக் கழுவி, ஓ-ரிங்கைச் சரியாக உட்கார வைத்து மாட்டுங்கள். ஓ-ரிங் பிசகினால் இங்கேயும் காற்று வாங்கும்.

படி 5: ஃப்யூயல் பம்ப்

1. பம்பைக் கழற்றும் முன் செல்போனில் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்குகளின் வரிசை மாறினால் பம்ப் வேலை செய்யாது.
2. ஸ்க்ரூக்களைக் கழற்றி, டயாபிரத்தைக் கிழியாமல் உரித்தெடுங்கள்.
3. வெயிலுக்கு நேராகப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். ஊசி முனையளவு வெளிச்சம் தெரிந்தாலும், விறைத்துப்போய் அலை அலையாக இருந்தாலும் புதிது போடுங்கள்.
4. சிறிய வால்வுத் தகடுகள் படிந்து மூடுகின்றனவா என்று பாருங்கள். நுனி மடங்கியிருந்தால் மாற்றுங்கள்.
5. ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

டயாபிரம் கிழிந்தால் எரிபொருள் நேராகக் கிராங்க் கேசுக்குள் போகும் மோட்டார்களும் உண்டு. அப்போது மோட்டார் புகைந்து, பிளக் அடிக்கடி நனையும். அதைக் கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்து ஏமாறுபவர்கள் நிறைய.

படி 6: கார்புரேட்டர்

இதுவரை எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் இங்கே வாருங்கள். முதலில் கழற்றாமலே ஒரு சோதனை: கார்புரேட்டர் கப்பின் அடியில் உள்ள வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து, கீழே பாட்டிலைப் பிடித்துப் பல்பை அமுக்குங்கள். தாராளமாக வந்தால் எரிபொருள் கார்புரேட்டர் வரை வருகிறது, அடைப்பு ஜெட்டில் இருக்கலாம். சொட்டு மட்டும் வந்தால் நீடில் ஒட்டியிருக்கிறது.

1. லிங்க், சோக் கம்பி, ஹோஸ் எல்லாவற்றையும் படம் எடுத்துவிட்டுக் கார்புரேட்டரைக் கழற்றுங்கள்.
2. ஐட்லிங் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் வலப்பக்கம் மெதுவாகத் திருகி, முட்டும்வரை எத்தனை சுற்று என்று எழுதி வையுங்கள். முட்டிய பிறகு இறுக்கினால் அதன் கூர்முனை கெட்டுவிடும்.
3. கப்பைத் திறங்கள். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் கடல் தண்ணீர் புகுந்து அலுமினியத்தை அரித்திருக்கிறது. பழுப்புப் பிசின் என்றால் பழைய பெட்ரோல் காய்ந்திருக்கிறது.
4. ஃப்ளோட்டின் ஆணியைத் தள்ளி, ஃப்ளோட்டையும் நீடிலையும் எடுங்கள். ஃப்ளோட்டைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை. நீடிலின் நுனியில் வளையம் போலத் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.
5. மெயின் ஜெட்டையும் ஐட்லிங் ஜெட்டையும் சரியான அளவு ஸ்க்ரூ டிரைவரால் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓட்டை முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.
6. ஜெட்டில் இரும்புக் கம்பியோ குண்டூசியோ விடாதீர்கள். பித்தளை மென்மையானது, ஓட்டை பெரிதாகிவிடும். கிளீனரில் ஊறவைத்து, மெல்லிய தங்கூசி நரம்பை விட்டுத் தள்ளுங்கள்.
7. கண்ணாடி அணிந்துகொண்டு எல்லா வழிகளிலும் கிளீனரை அடியுங்கள். ஒரு வழியில் அடித்தது மறு ஓட்டையில் வெளிவர வேண்டும். ரப்பர் பாகங்களில் கிளீனர் படக் கூடாது.
8. புதிய கேஸ்கெட் போட்டு மூடுங்கள். எழுதி வைத்த சுற்றுக் கணக்கில் ஐட்லிங் ஸ்க்ரூவை வையுங்கள்.
9. மோட்டாரில் மாட்டி, பல்பைக் கெட்டியாக்கி ஐந்து நிமிடம் காத்திருங்கள். ஒரு சொட்டும் வழியாமல் பல்பு கெட்டியாகவே இருந்தால் நீடில் சரியாக மூடுகிறது. வழிந்தால் மோட்டாரைக் கிளப்பாதீர்கள்.
10. புரொப்பல்லரைக் கழற்றி, மோட்டாரின் கீழ்ப்பகுதியைத் தண்ணீர் நிறைந்த பேரலில் இறக்கி ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் உள்ளே போகும் துளைகள் முழுவதும் மூழ்கியிருக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு

குளிர்ந்த மோட்டாரில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. ஆகவே:

1. பெட்ரோலில் கிளப்புங்கள். மோட்டார் நன்றாகச் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்குத் திருப்புங்கள்.
2. கரை சேர்வதற்குச் சில நிமிடம் முன்பே மறுபடி பெட்ரோலுக்குத் திருப்புங்கள். கார்புரேட்டர் கப்பில் பெட்ரோல் நின்றால்தான் அடுத்த முறை பிடிக்கும்.
3. மண்ணெண்ணெயில் ஓடும்போதே நின்று ஆறிவிட்டதா? கயிற்றை இழுத்துக் களைக்க வேண்டாம். வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து கப்பைப் பாட்டிலில் காலி செய்து, பெட்ரோலை நிரப்பி இழுங்கள்.
4. சிறிய ஸ்டார்ட்டிங் டேங்கில் ஊற்றும் பெட்ரோலிலும் ஆயில் கலந்திருக்க வேண்டும். இதை மறப்பவர்கள் பிஸ்டனை இழக்கிறார்கள்.
5. பெட்ரோல் மோட்டாரில் செலவை மிச்சப்படுத்த மண்ணெண்ணெய் கலக்காதீர்கள். அந்த மோட்டாரின் கம்ப்ரெஷன் மண்ணெண்ணெய்க்கு ஏற்றதல்ல. நாக்கிங் வந்து பிஸ்டன் உடையும்.

அறிகுறியும் முதலில் பார்க்க வேண்டிய இடமும்

- பத்து நிமிடம் ஓடி நிற்கிறது: காற்றுத் திருகு, டேங்க் வலை
- ஐட்லிங் நிற்கவில்லை, வேகத்தில் ஓடுகிறது: ஐட்லிங் ஜெட்
- மெதுவாக ஓடுகிறது, வேகம் கொடுத்தால் சாகிறது: ஃபில்டர், பம்ப், மெயின் ஜெட்
- சோக் இழுத்தால்தான் ஓடுகிறது: எரிபொருள் குறைவு. காற்றுக் கசிவு, ஜெட் அடைப்பு
- கரும்புகை, நனைந்த பிளக்: ஒட்டிய சோக், தேய்ந்த நீடில், கிழிந்த டயாபிரம்

வழக்கமாக நடக்கும் தவறுகள்

- ஒரே நேரத்தில் மூன்று பாகங்களை மாற்றுவது. எது கோளாறு என்றே தெரியாமல் போகும். ஒன்றை மாற்றியதும் ஓட்டிப் பாருங்கள்.
- இழுவை குறைந்தும் முழு வேகத்தில் விரட்டுவது. டூ-ஸ்ட்ரோக் மோட்டாரில் எரிபொருளோடுதான் ஆயிலும் போகிறது. எரிபொருள் குறைந்தால் ஆயிலும் குறைந்து, பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும்.
- ஃபில்டர் அடைக்கிறது என்று வலையை எடுத்து எறிவது. அழுக்கு அப்படியே ஜெட்டுக்குப் போகும்.
- வடித்த எரிபொருளைக் கடலிலோ மணலிலோ கொட்டுவது. மூடியுள்ள கேனில் சேர்த்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

நடுக்கடலில் நின்றுவிட்டால்

1. எல்லோரும் லைஃப் ஜாக்கெட் அணியுங்கள். நங்கூரம் எட்டும் ஆழமானால் உடனே போடுங்கள். மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நீரோட்டம் படகைப் பாறைப் பக்கம் கொண்டுபோகும்.
2. காற்றுத் திருகு, டேங்கில் உள்ள அளவு, கனெக்டர், பல்பு, ஃபில்டர் என்ற வரிசையில் பாருங்கள்.
3. வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து, கப்பில் தேங்கிய தண்ணீரைப் பாட்டிலில் எடுங்கள்.
4. கார்புரேட்டரைக் கடலில் கழற்றாதீர்கள். ஒரு ஜெட் கைதவறினால் படகு முழுவதும் முடங்கும்.
5. பல்பை அமுக்கினால் ஓடும் என்றால், ஒருவர் அமுக்க, குறைந்த வேகத்தில் கரை திரும்புங்கள்.
6. எதுவும் பலிக்காவிட்டால் தாமதிக்காமல் உதவி கேளுங்கள். இந்தியக் கரையில் கடலோரக் காவல்படை எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093.

படகைக் கரையேற்றும் முன்

கடல் கொந்தளிக்கும் மாதங்களில் மோட்டாரைக் கழற்றி வைப்பீர்கள். அதற்கு முன் ஹோஸைக் கழற்றிவிட்டு, நல்ல தண்ணீரில் வைத்து, தானாக நிற்கும்வரை மெதுவாக ஓட்டுங்கள். பிறகு வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து மீதியையும் வடியுங்கள். டேங்கைக் காலி செய்து, உலர்த்தி, மூடி வையுங்கள். புதிய ஹோஸ் போட்ட மாதத்தையும் வருடத்தையும் டேங்கின் மேல் அழியாத மையால் எழுதுங்கள்.

ஹோஸ், பல்பு, ஃபில்டர், டயாபிரம் ஆகிய நான்கின் மொத்த விலை, ஒரு பிஸ்டன் வேலைக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான். அவை பழுதாகும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த சீசன் தொடங்கும் முன்பே இந்த நான்கையும் சோதித்து, சந்தேகம் வந்ததைக் கரையிலேயே மாற்றிவிட்டுக் கடலுக்குப் போங்கள்.